ஒரே வேஷம், 48 படங்கள்

போன மாதம் செயற்குழுக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். வழக்கம்போல் பேச்சு சினிமாவுக்குத் தாவியது. நடிகன் என்றால் வேஷத்துக்கு வேஷம் ஆளே மாற வேண்டும் என்றார் ஒரு நண்பர். 1964இல் 'நவராத்திரி'யில் சிவாஜி ஒன்பது வேஷம் போட்டார், 2008இல் 'தசாவதார'த்தில் கமல் பத்து போட்டார், அதுவல்லவோ நடிப்பு என்று மேஜையைத் தட்டிச் சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஒரே வேஷத்தை 48 படங்களில் போட்ட ஒருவர் இருக்கிறார். அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

"அது நடிப்பா சார், டூட்டியா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் வந்தது. அந்த நேரத்தில் வரும் பதிலால் யாருக்கு என்ன லாபம்? ஆகவே மலர் ஆசிரியரிடம் இரண்டு பக்கம் கேட்டு வாங்கி எழுதுகிறேன்.

நான் சொன்னவர் பெயர் கியோஷி அட்சுமி. ஜப்பானிய நடிகர். அவர் போட்ட வேஷத்தின் பெயர் டோராஜிரோ குருமா, செல்லமாக டோரா-சான். 2019 மே மாதம் நானும் என் மனைவியும் டோக்கியோவில் பெண் வீட்டுக்குப் போயிருந்தோம். அவர்கள் இருக்கும் நிஷி-கசாய், எடோகாவா வார்டைச் சேர்ந்தது. நம் ஜனங்கள் அங்கே நிறைய. பகலில் பெண்ணும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள், பேரன் பள்ளிக்கூடம். பாஷை தெரியாத ஊரில் கிழவனும் கிழவியும் என்ன செய்வது? ஆங்கில எழுத்து ஓடும் பழைய ஜப்பானியப் படங்களை மாப்பிள்ளை கொண்டுவந்து வைத்தார். முதல் படம் பார்த்தபோது, எதற்கெடுத்தாலும் சண்டை போடும் இந்த ஆளை எதற்காக ஒரு தேசமே கொண்டாடுகிறது என்று தோன்றியது. நான்காவது படத்தில் என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்து, "இது நீங்கள்தான்" என்றாள்.

அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் மனிதரைப் பற்றி.

அட்சுமி 1928 மார்ச் 10ஆம் தேதி டோக்கியோவின் உயேனோ பகுதியில் பிறந்தவர். இயற்பெயர் யாசுவோ தடோகோரோ. வசதியில்லாத குடும்பம். 1945 மார்ச் 10, அமெரிக்க விமானங்கள் கிழக்கு டோக்கியோவை எரித்த நாள், அவருடைய 17ஆவது பிறந்தநாள். வீடு போயிற்று. யுத்தம் முடிந்து, கறுப்புச் சந்தையும் தெருக்கடையுமாகக் கிடந்த ஊரில் திரிந்தார். கோயில் திருவிழாக்களில் துணியை விரித்துப் போட்டு, அடுக்குமொழியில் கூவிச் சாமான் விற்பவர்களை அங்கே தெகியா என்பார்கள். அவர்கள் கூவுவதை நின்று கேட்டே மனப்பாடம் செய்து வைத்திருந்தார். பிற்காலத்தில் சோறு போட்டது அந்தப் பாடம்தான்.

அசாகுசா என்ற பேட்டையில், குடும்பத்தோடு போக முடியாத நடனக் கொட்டகைகளில், ஒரு நடனத்துக்கும் அடுத்த நடனத்துக்கும் நடுவே சிரிப்பு நாடகம் போடுவார்கள். நடனம் பார்க்க வந்தவனைச் சிரிக்க வைப்பது லேசான காரியமா? அங்கே பெயர் எடுத்த சமயத்தில், 1954இல் காசநோய் கண்டது. வலது நுரையீரலை எடுத்துவிட்டார்கள். ஏறக்குறைய இரண்டு வருஷம் சானடோரியத்தில் கிடந்தார். எழுந்து வந்தவர் அதன் பிறகு குடியையும் புகையையும் தொடவில்லை. டோரா-சானின் அந்தப் பெரிய குரலைக் கேட்கிறவர்கள், அது ஒற்றை நுரையீரலிலிருந்து வருகிறது என்று நினைத்தே பார்க்க மாட்டார்கள்.

மேடையில் ஓடியாடும் வேலைக்கு உடம்பு இடம் தராததால் டெலிவிஷன் பக்கம் வந்தார். அப்போது ஜப்பானில் டெலிவிஷன் குழந்தைப் பருவத்தில் இருந்தது. 1961 முதல் 1966 வரை என்.எச்.கே.யில் வந்த 'கனவில் சந்திப்போம்' என்ற வாராந்தரப் பாட்டு-சிரிப்பு நிகழ்ச்சி அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. சினிமாவில் 1963இல் யோஷிதாரோ நோமுரா எடுத்த ராணுவப் படம், 1965இல் சுசுமு ஹனி கிழக்கு ஆப்பிரிக்காவுக்கே அழைத்துப்போய் எடுத்த படம் என்று விதவிதமாகத்தான் நடித்தார். நண்பருக்காக இதை அழுத்திச் சொல்கிறேன். வேறு வேஷம் தெரியாமல் ஒரே வேஷத்தில் நின்றவர் அல்லர் அவர்.

1968 அக்டோபரில் ஃபியூஜி டெலிவிஷனில் 'ஆணாய்ப் பிறந்தது கஷ்டம்' என்று ஒரு தொடர் ஆரம்பித்தது. எழுதியவர் யோஜி யமாதா. பேச்சுவாக்கில் அட்சுமி தெகியாக்களின் கூவலை நடித்துக் காட்ட, அதிலிருந்து யமாதா பாத்திரத்தை உண்டாக்கினார். 26 வாரம் ஓடியது. கடைசி வாரத்தில், பணம் பண்ணுவதற்காக அமாமித் தீவுக்குப் பாம்பு பிடிக்கப் போன டோரா, பாம்பு கடித்துச் செத்துப் போகிறான். அவ்வளவுதான், டெலிவிஷன் நிலையத்துக்கு ஜனங்கள் போன் போட்டுத் திட்டித் தீர்த்துவிட்டார்கள். செத்தவனைப் பிழைக்க வைக்க வேண்டியதாயிற்று. 1969 ஆகஸ்டில் ஷோசிகு கம்பெனி அதே கதையை சினிமாவாக எடுத்தது. அதிலிருந்து 1995 டிசம்பர் வரை 48 படங்கள். இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் யமாதாவே இயக்கினார். 1983இல் கின்னஸ் புத்தகத்திலும் ஏறியாயிற்று.

யமாதாவைப் பற்றி ரயில்வே வாசகர்களுக்கு ஒரு சமாசாரம். அவருடைய தகப்பனார் தென் மஞ்சூரிய ரயில்வேயில் எஞ்சினியர். பையன் வளர்ந்தது மஞ்சூரியாவில். யுத்தத்தில் ஜப்பான் தோற்ற பிறகு, 1947இல், அதிகம் பார்த்தறியாத சொந்த நாட்டுக்குத் திரும்பினார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளரும் நம் பிள்ளைகளிடம் "சொந்த ஊர் எது?" என்று கேட்டால் கொஞ்சம் விழிப்பார்களே, அந்த ரகம். ஊர் திரும்புவதைப் பற்றி அந்த நாட்டில் மிக அதிகப் படம் எடுத்தவர், உறுதியாக ஓர் ஊர் இல்லாமல் வளர்ந்தவர்!

கதை எல்லாப் படத்திலும் ஒன்றேதான். டோக்கியோவின் கிழக்கோரம் ஷிபமாதா. அங்கே கோயில் வாசல் தெருவில், அரிசிமாவு உருண்டையைக் குச்சியில் குத்தி விற்கும் பலகாரக் கடை. சித்தப்பா, சித்தி, தங்கை சகுரா, பக்கத்து அச்சாபீஸில் வேலை பார்க்கும் அவள் புருஷன் ஹிரோஷி. பதினாறு வயதில் அப்பாவோடு சண்டை போட்டு ஓடிப்போன டோரா இருபது வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான். கட்டம் போட்ட கோட்டு, வயிற்றில் சுற்றிய பட்டி, கழுத்தில் தாயத்து, தொப்பி, கையில் ஒரு பழைய பெட்டி. வருவான், எல்லாரும் அழுது வரவேற்பார்கள், ஒரு நாளைக்குள் சண்டை, நடுவில் யாராவது ஒரு பெண்ணின் மேல் ஆசை, அது கைகூடாது, மறுபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடப்பான். சகுரா பின்னாலேயே ஓடி வருவாள். அந்தக் கோயிலின் தெய்வம் தைஷாகுதென். யார் தெரியுமோ? நம் தேவேந்திரன்தான், பௌத்தத்தோடு அங்கே போய்ச் சேர்ந்தவன். மாப்பிள்ளை சொன்னபோது என் மனைவி வாசலிலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டாள்.

பெரும்பாலான வருஷங்களில் இரண்டு படம்: ஒன்று ஆகஸ்டில், முன்னோர்களுக்கான ஓபோன் பண்டிகைக்கு, மற்றது புத்தாண்டுக்கு. அதாவது ஊரை விட்டுப் போனவர்கள் ரயிலைப் பிடித்து வீட்டுக்குத் திரும்பும் அதே நாட்களில் டோராவும் திரும்புவான். நமக்குப் பொங்கலும் தீபாவளியும் மாதிரி.

இனி என் மனைவி சொன்னதற்கு வருகிறேன். 1975இல் வந்த 15ஆவது படம். வீட்டுக்கு ஒரு நல்ல முலாம்பழம் பரிசாக வந்திருக்கிறது. அங்கே அது விலை உயர்ந்த சாமான். சித்தி நறுக்கி ஆளுக்கு ஒரு துண்டு வைக்கிறாள். டோராவைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து அவன் உள்ளே வருகிறான். ஆளாளுக்குத் தங்கள் துண்டை நீட்டுகிறார்கள். அவ்வளவு போதாதா? "என்னைக் குடும்பத்தில் ஒருவனாக எண்ணவில்லை" என்பதே அவன் புகார். பழத்துக்காக அல்லவாம், பாசத்துக்காகவாம்! கத்தித் தீர்க்கிறான். அவனைப் போலவே ஊர் ஊராகத் திரியும் பாட்டுக்காரி லிலி அங்கே இருக்கிறாள்; இப்படிப்பட்ட வீடு கிடைத்தும் பேசுகிறாயே என்று அவள்தான் அவன் வாயை அடைக்கிறாள். ஜப்பானில் இந்தக் காட்சியைச் சொன்னால் தெரியாதவர்கள் குறைவாம்.

1987 மே மாதம் நான் செய்ததும் இதேதான். கடிதம் போடாமல் பாஸை எடுத்துக்கொண்டு நாக்பூரிலிருந்து ஊருக்குப் போய் இறங்கினேன். கும்பகோணம் பக்கத்துக் கிராமம். அம்மாவையும் வீட்டையும் என் தங்கையும் அவள் புருஷனும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொல்லையில் அப்பா வைத்த பலா. முதல் நாள்தான் பெரிய பழத்தை அறுத்துத் தெரு முழுக்கக் கொடுத்திருந்தார்கள். ஒரு சுளை மீதியில்லை. "அண்ணனுக்கு என்று எடுத்து வைக்கத் தோன்றவில்லையா?" என்று ஆரம்பித்து, அன்று இரவு சாப்பிடாமல் திண்ணையில் படுத்தேன். எனக்கு வயது 29, கல்யாணமாகி ஒரு குழந்தைக்குத் தகப்பன். மறுநாள் விடிவதற்குள் தங்கை புருஷர் சைக்கிளில் எங்கெல்லாமோ போய் ஒரு பழம் வாங்கிக்கொண்டு வந்தார். நானும் சாப்பிட்டேன், அதுதான் வெட்கம். அம்மாவின் மருந்துக்கும், கூரை மாற்றுவதற்கும், நெல் விலைக்கும் அவர்கள் பட்ட பாடு என் காதில் விழவில்லை. பத்து நாள் இருந்துவிட்டு, குறை சொல்லிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தங்கை பஸ் நிறுத்தம் வரை வந்தாள்.

இந்த மாதிரி ஆளை வில்லனாகவும் காட்டலாம், தியாகியாகவும் காட்டலாம். அட்சுமி இரண்டும் செய்யவில்லை. கத்தும்போதே தான் கத்துவது தப்பு என்று அவருடைய அந்தச் சின்னக் கண்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. கோபத்தில் நிமிர்ந்த தோள், வாசற்படி தாண்டும்போது கொஞ்சம் இறங்குகிறது. "போகாதே" என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஒரு விநாடி நிற்கிறார். பார்க்கிறவன் முதலில் சிரிக்கிறான், பிறகு தன் வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்து சிரிப்பை நிறுத்துகிறான். ஒன்பது வேஷத்தில் காட்டுவதைவிட இது குறைந்த வேலை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

1970இல் வந்த ஐந்தாவது படத்தை ரயில்வேக்காரர்கள் தேடிப் பார்க்க வேண்டும். சாகக் கிடக்கும் ஒரு பழைய தாதாவுக்காக அவர் மகனைத் தேடி டோரா ஹொக்கைடோ போகிறான். மகன் நீராவி எஞ்சினில் வேலை செய்கிறவன். தாயைக் கைவிட்ட தகப்பனைப் பார்க்க வர மாட்டேன் என்கிறான். கரியும் எண்ணெயுமாக அவன் டி-51 எஞ்சினில் உழைப்பதை டோரா வாயைப் பிளந்து பார்க்கிறான்; இனி நாமும் வியர்வை சிந்தி யோக்கியமாகப் பிழைப்போம் என்று முடிவு கட்டுகிறான். முடிவு எத்தனை நாள் நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும். அடுத்த ஆறேழு வருஷத்தில் அந்த நாட்டில் நீராவி எஞ்சின்கள் சேவையிலிருந்து போய்விட்டன. நான் சர்வீஸில் சேர்ந்த காலத்தில் இங்கே இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. கதையை விட்டுவிட்டு அந்தப் புகையையே இரண்டு தடவை பார்த்தேன் என்றால் நீங்கள் சிரிக்கக் கூடாது.

நண்பர் கேட்ட கேள்வி: நடிப்பா, டூட்டியா? டூட்டிதான் ஐயா! பி.டபிள்யூ.ஐ.யாக முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் பாதையைப் பார்த்துக்கொண்டவன் நான். எங்களிடம் கீமேன் என்று ஒருவர் உண்டு. தோளில் சுத்தியலும் சாவியுமாகத் தன் எல்லைக்குட்பட்ட பாதையை தினம் நடந்து பார்ப்பார். நேற்று நடந்த அதே பாதைதான். ஆனால் நேற்று இறுக்கமாக இருந்த சாவி இன்று தளர்ந்திருக்கும். நூறாவது நாளும் முதல் நாள் பார்த்தது போல் பார்க்கிறவனே நல்ல கீமேன். டோரா படங்களில் சித்தப்பா வேஷம் போட்டவர் 1972இல் இறந்துபோனார். அதன் பிறகு அந்த வேஷத்தை இரண்டு பேர் அடுத்தடுத்துப் போட்டார்கள். கோயில் குருவாக வந்த சிஷூ ரியூ 1993இல் காலமானார். முதலில் 'டோராயா' என்று இருந்த கடையின் பெயர் 40ஆவது படத்தில் 'குருமாயா' ஆயிற்று. தண்டவாளத்தையும் கட்டையையும் மாற்றிக்கொண்டே இருந்தும் பாதை அதே பாதையாக இருப்பது போல எல்லாம் நடந்தது. மாற்ற முடியாதவர்கள் அட்சுமியும், சகுராவாக நடித்த சியேகோ பைஷோவும்.

அதற்கு அவர் கொடுத்த விலை அதிகம். வீடு எங்கே இருக்கிறது என்றுகூடக் கூட வேலை செய்தவர்களில் பலருக்குத் தெரியாது. காரில் கொண்டுபோய் விட்டால் வீட்டுக்குத் தள்ளியே இறங்கிக்கொள்வார். மனைவி மக்கள் வெளிச்சத்துக்கு வரவே இல்லை. கல்யாணமாகாத நாடோடியாக டோராவை நம்பும் ஜனங்களுக்கு, யாசுவோ தடோகோரோ என்ற குடும்பஸ்தரைக் காட்ட வேண்டாம் என்று எண்ணினாரோ என்னவோ. 1991இல் கல்லீரலில் புற்றுநோய், 1994இல் அது நுரையீரலுக்குப் பரவியது. வெளியே சொல்லவில்லை. கடைசிப் படங்களில் கதையின் சுமையை சகுராவின் மகனாக வரும் ஹிதேதாகா யோஷியோகாவின் தோளில் ஏற்றிவிட்டார்கள். டோரா உட்கார்ந்தபடி பேசும் காட்சிகள் அதிகமாயின. 48ஆவது படம் நடப்பது அமாமிக்குப் பக்கத்துத் தீவில், டெலிவிஷன் டோரா பாம்பு கடித்துச் செத்த அதே திசையில்! லிலியாக ரூரிகோ அசாவோகா மறுபடி வருகிறார். முடிவில் டோரா, 1995 ஜனவரியில் பூகம்பத்தில் நொறுங்கிய கோபே நகரத்து ஜனங்களைப் பார்க்கப் போகிறான். 1996 ஆகஸ்ட் 4ஆம் தேதி அட்சுமி 68ஆவது வயதில் காலமானார். குடும்பத்தார் மட்டும் கூடித் தகனம் முடித்த பிறகுதான், அவர் விருப்பப்படி, வெளியே சொன்னார்கள்.

இங்கே எனக்கு ஒரு கோபம் உண்டு. அவரை விட்டிருக்கலாம். அடுத்த படத்துக்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கம்பெனிக்கு வசூல், ஜனங்களுக்குப் பண்டிகை. டெலிவிஷனில் செத்தவனை போன் போட்டு எழுப்பியவர்கள், ஒரு நோயாளி உட்கார்ந்தபடி நடிப்பதைக் கண்டும், அடுத்த புத்தாண்டுக்கு எங்கே போவார் என்றே கேட்டார்கள். நோய் தெரியாது என்பது வாஸ்தவம். உடம்பு இளைத்தது திரையில் தெரிந்ததே? வீடு எப்போதும் அங்கேயே இருக்கும், தங்கை எப்போதும் இருப்பாள், டோரா எப்போதும் வருவான் என்று எண்ணிக்கொள்வது நமக்கு சௌகரியம். நானும் அப்படித்தான் எண்ணினேன். என் தங்கை 2021இல் போய்விட்டாள். கொரோனா காலம், ரயில் கிடைத்துப் போய்ச் சேர முடியவில்லை.

என் பெண்ணுக்கு டோராவைப் பிடிக்காது. "இந்த ஆள் என் வீட்டுக்கு வந்தால் இரண்டு நாள் தாங்காது அப்பா. சகுரா பாவம்" என்கிறாள். அவள் சொல்வதில் தப்பில்லை. இன்றைக்குப் பார்த்தால் பொறுப்பில்லாத மனிதன்தான். ஆனால் அவளுக்கு ஒன்று தெரியவில்லை. அவளுடைய சொந்த ஊர் இப்போது கும்பகோணமல்ல, நாக்பூர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவள் அவள். கடையில் உட்கார்ந்து வாசலைப் பார்க்கும் சித்தப்பாவும் சித்தியும் நாங்கள். போன தடவை வந்தபோது, சமையலறையில் டப்பாக்களை ஏன் இடம் மாற்றினீர்கள் என்று அம்மாவோடு ஒரு சண்டை போட்டாளே, அதை ஜப்பான்காரன் பார்த்தால் அப்படியே படமாக எடுத்திருப்பான்.

ஷிபமாதாவுக்கு நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். கெய்செய் கம்பெனியின் கனமாச்சிக் கிளைப் பாதை, மொத்தமே 2.5 கிலோமீட்டர். தண்டவாள இடைவெளி 1435 மில்லிமீட்டர், நம் அகலப் பாதையைவிட 241 குறைவு. ஸ்டேஷன் வாசலில் டோராவுக்கு வெண்கலச் சிலை. 1999இல் வைத்தது. பெட்டியோடு கிளம்பியவன் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிற மாதிரி நிற்கிறான். யாரைப் பார்க்கிறான் என்பதற்குப் பல வருஷம் அங்கே எதுவும் இல்லை. 2017இல்தான் எதிரே சகுராவின் சிலையை வைத்தார்கள், வழியனுப்பும் கோலத்தில். பதினெட்டு வருஷம்! போட்டோ எடுக்க எல்லாரும் டோரா பக்கம் வரிசையில் நின்றார்கள். என் மனைவி மாத்திரம் நேரே போய் சகுரா பக்கத்தில் நின்றுகொண்டாள்.

பெண் வருகிற டிசம்பரில் வருகிறேன் என்றிருக்கிறாள். தேதி இன்னும் சொல்லவில்லை. போன வருஷமும் இப்படித்தான் சொன்னாள், சீசன் பூராவும் ஆரஞ்சுக் கூடை வரும்போதெல்லாம் என் மனைவி நாலு பழத்தைத் தனியாக எடுத்து வைத்து, அழுகினால் மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.